உப்புப் பார்த்தவள்

நோன்பு மாதம் பிறந்தால் பளீலாவின் சாப்பாட்டுக் கடையில் புதுப் பதவி ஒன்று முளைத்துவிடும். மற்ற மாதங்களில் அதற்கு ஆள் தேவையில்லை. கறியில் உப்புச் சரியா, புளி தூக்கலா என்று பார்க்க பளீலாவின் நாக்கே போதும். அந்த நாக்கு ருசி பார்ப்பதிலும் சரி, ஆளைத் தூக்கி எறிந்து பேசுவதிலும் சரி, கல்பிட்டி வீதி நெடுகப் பேர் எடுத்தது. ஆனால் நோன்பு பிடித்த வாயால் கறியை எப்படிப் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்லித்தான் இருந்தார். பளீலாவுக்கு மனம் ஒப்பவில்லை.

"துப்புற நேரம் ஒரு சொட்டு உள்ளுக்குப் போனா, அதுக்கு ஹஸ்ரத்தா வந்து பதில் சொல்லப் போறார்?" என்பாள்.

ஆகவே நோன்பு மாதம் முழுவதும் அவளுடைய சட்டிகளுக்கு நாக்குக் கொடுப்பவள் சுதர்சினி. மாம்புரிக் கடற்கரையில் மீன்பிடிக்கும் பஸ்தியானின் பெண்சாதி. தேங்காய் திருவவும் மரக்கறி வெட்டவும் கடைக்கு வரத் தொடங்கியவள், வந்த கொஞ்ச நாளிலேயே பளீலாவின் ஏச்சுக்குத் திருப்பி ஏசக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். நோன்பு மாதத்தில் அகப்பையை ஊதி ஊதி நக்கிவிட்டு, கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இன்னும் ரெண்டு கல்லு உப்பு" என்று அவள் தீர்ப்புச் சொல்லும் அழகைப் பார்க்க வேண்டும். பளீலாவின் புருஷன் ஜபார் அவளுக்கு 'ஜட்ஜ் அம்மா' என்றே பேர் வைத்திருந்தார்.

இந்த வருசம்தான் ஒரு சிக்கல் வந்தது. கத்தோலிக்கரின் தவக்காலமும் நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கிவிட்டன. அதோடு சுதர்சினிக்கு ஒரு நேர்த்தி வேறு இருந்தது. போன வாடைக் காற்றில் பஸ்தியானின் வள்ளம் கவிழ்ந்து, அவன் இரவெல்லாம் மிதவையைப் பிடித்துக்கொண்டு கிடந்து, விடியக் கரை சேர்ந்திருந்தான். அதற்கு நன்றியாகத் தவக்காலம் முழுக்க இறைச்சி தொடுவதில்லை, வெள்ளிக்கிழமைகளில் இரவு ஒருநேரம் மட்டுமே சாப்பிடுவது என்று தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அப்ப எண்ட கஞ்சிக்கு ஆரு உப்புப் பார்க்கிற?" என்று பளீலா இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

"கோழி போட முந்தி நான் பார்த்துத் தாறன். கோழி போட்ட பிறகு உங்கட அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவார்" என்றாள் சுதர்சினி.

அப்படியே ஏற்பாடாகி, ஒழுங்காகவும் நடந்துவந்தது. அந்த வெள்ளிக்கிழமை வரும்வரை.

அது சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை. ஊர்ப் பள்ளிவாசலில் வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் நோன்பு திறக்கக் கொடுக்கும் நாள். முந்நூறு பேர் வருவார்கள். எப்போதும் டவுனிலிருந்துதான் சாப்பாடு வரும். இந்த முறை பளீலா பள்ளிச் செயலாளர் அக்ரமின் காதைக் கடித்து, அவர் பெண்சாதியின் காதையும் கடித்து, கஞ்சியும் கோழி ரோல்ஸும் தன் கடையிலிருந்தே போக வேண்டும் என்று சம்மதம் வாங்கியிருந்தாள். ஊருக்குள்ளேயே இப்படி ஒரு கை இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

வியாழன் பின்னேரமே கோழிகளை அவித்துவிட்டாள். இரவு தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, உட்கார்ந்து, எலும்பு வேறு சதை வேறாகத் தன் கையாலேயே பிய்த்தாள். பிய்ப்பதை மற்றவர்களிடம் விட அவளுக்குப் பிடிக்காது. அவர்கள் பிய்த்தால் நாராக வராது, கட்டியாக வரும் என்பாள். இடது கை ஆள்காட்டி விரலில் முதல்நாள் கெளுத்தி மீன் முள் குத்தியிருந்தது. விரல் வீங்கிச் சிவந்து, நுனியில் மஞ்சளாகக் கோத்திருந்தது. மஞ்சள் பத்துப் போட்டு ஒரு சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டாள். சமையல்காரியின் கையில் காயம் இருப்பதும் கடலில் தண்ணீர் இருப்பதும் ஒன்றுதான் என்பது அவள் எண்ணம்.

பிய்த்த கோழியைப் பெரிய சட்டியில் குவித்து, மூடி, மேலே துணி போட்டுக் குசினி மேசையிலேயே வைத்தாள். பிரிஜ்ஜில் இடமும் இல்லை. இருந்தாலும் வைத்திருக்கமாட்டாள். சூடு ஆறாத சாமானை உள்ளே வைத்தால் பிரிஜ் பழுதாகிவிடும் என்பது அந்த வீட்டுச் சட்டம். மூடி வைத்த சட்டிக்குள் அந்தச் சூடு லேசில் ஆறவும் இல்லை. விடியுமுன் சாப்பிட ஸஹர் நேரம் எழும்பியபோது தொட்டுப் பார்த்தாள், இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. சரி, விடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

காலையில் மூடியைத் திறந்தபோது நல்ல வாசம்தான் அடித்தது. கெட்ட வாடை கொஞ்சமும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. அவிக்கும்போது உப்புப் போட்டோமா, இல்லையா? போட்டது போலவும் இருந்தது, போடாதது போலவும் இருந்தது. போட்டதை மறந்து இன்னொரு தரம் போட்டால் முந்நூறு பேரின் வாயும் உப்பளம் ஆகிவிடும். போடாவிட்டால் சப்பென்று போய், டவுன் கடையே மேல் என்றாகிவிடும். சட்டியைப் பார்த்தபடி நின்று, தன் மறதியைத் தானே ஏசிக்கொண்டிருந்தாள். பிறகு மா குழைக்கத் திரும்பிவிட்டாள்.

சற்று நேரத்தில் பின்னாலிருந்து சுதர்சினியின் குரல் கேட்டது.

"அக்கா, கோழியில உப்பு அளவாத்தான் இருக்கு. இனிப் போடாதீங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பளீலா. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் போகும் நேரம் கோழி கஞ்சிக்குள் போய்விட்டது. மீதிக் கோழி கிழங்கோடு சேர்ந்து ரோல்ஸுக்குள் சுருளத் தொடங்கியிருந்தது. சுதர்சினி சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"தலையிடிக்குது அக்கா. வீட்ட போய்க் கொஞ்சம் படுக்கிறன்."

"பட்டினி கிடந்தா இடிக்கத்தானே செய்யும். போ, போய்ப் படு. மஃரிபுக்கு முந்தி வந்து எண்ட ரோல்ஸ் எப்பிடிப் போகுதெண்டு பார்" என்று அனுப்பிவிட்டு, பளீலா தன் வேலையைப் பார்த்தாள்.

ஜபார் தொழுதுவிட்டு வந்து கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தபோது பஸ்தியானின் மோட்டார்சைக்கிள் வாசலில் வந்து நின்றது. பஸ்தியான் அதிகம் பேசாத மனுஷன். கடலில் கத்திப் பேசிப் பேசிக் கரையில் பேச்சுத் தீர்ந்துபோனதோ என்னவோ. அன்று அவன் சொன்னது முழுக்க ஒரே மூச்சில் வந்தது.

"அக்கா, இவள் நிப்பாட்டாமச் சத்தி எடுக்கிறாள். வயித்துக்குள்ள முறுக்குதெண்டு சுருண்டு கிடக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போவமெண்டா மாட்டனாம். என்ன திண்டனி எண்டு கேட்டா அழுறாள். உங்கட சொல்லைத்தான் கேப்பாள், ஒருக்கா வாங்க."

பளீலா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே ஏறினாள்.

சுதர்சினி பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். தலைமாட்டில் மகள் மெலனி வாந்திப் பேசினோடு உட்கார்ந்திருந்தாள். பளீலாவைக் கண்டதும் சுதர்சினி புருஷனையும் மகளையும் வெளியே போகச் சொன்னாள். பிறகு பளீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"அக்கா, எனக்கு இது வேணும். எனக்கு அன்னம்மா தந்த அடி."

"என்ன உளறுற?"

"காலையில நீங்க உப்புப் போட்டனா இல்லையா எண்டு அந்தத் தவிப்புத் தவிச்சீங்க. பார்க்க ஏலாமப் போச்சு. நீங்க அங்கால திரும்பின நேரம் அந்தக் கோழியில ஒரு பிடி எடுத்து வாயில போட்டன். பிடிபடயில்ல, இன்னொரு பிடி போட்டன். நேர்த்தி நாளில, அதுவும் வெள்ளிக்கிழமையில. அவருக்குச் சொல்லிப்போடாதீங்க. அந்த மனுஷனைக் கடல்ல இருந்து காப்பாத்தித் தந்த தாய்க்கு நான் குடுத்த வாக்கு அக்கா."

பளீலாவுக்கு முதலில் வந்தது இரக்கம். "பைத்தியக்காரி" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். "எனக்காகத்தானே செஞ்ச? அதுக்கெல்லாம் அடி விழுமா? வேற என்ன சாப்பிட்ட? அதைச் சொல்லு."

"வேற ஒண்டும் இல்ல அக்கா. இண்டைக்கு ஒருநேரம்தானே. விடிய ஒரு வெறுந்தேத்தண்ணி. அவரும் குடிச்சார், மெலனியும் குடிச்சாள். அவ்வளவுதான்."

தலையைத் தடவிய கை நின்றுவிட்டது.

வேறு ஒன்றும் இல்லை. காலையிலிருந்து இந்தப் பெண்ணின் வயிற்றுக்குள் போனது அந்தக் கோழி மட்டும்தான். அதே கோழிதான் கடையில் கஞ்சியாகக் கொதித்துக்கொண்டும் ரோல்ஸாகச் சுருண்டுகொண்டும் இருந்தது. மஃரிப் பாங்கு சொன்னதும் பகல் முழுக்கக் காய்ந்த முந்நூறு வயிறுகளுக்குள் அது போகப் போகிறது. கிழவர்களும் இருப்பார்கள். வாப்பாமாரின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் சிறுபிள்ளைகளும் இருப்பார்கள். பளீலா சுதர்சினியின் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எழும்பு" என்றாள். "நீ ஆஸ்பத்திரிக்கு வாராய். எண்ட கண்ணாணை, இது ஒண்ட அன்னம்மா அடிச்ச அடி இல்ல."

ஆஸ்பத்திரியில் இருந்தவர் நஜாத் டொக்டர். சின்ன வயசுதான், ஆனால் பதறாத முகம். சுதர்சினிக்குச் சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு பளீலாவிடம் கேள்வி கேட்டார். எப்போது அவித்தது, எங்கே வைத்தது, யார் பிய்த்தது. பளீலா ஒன்றையும் மறைக்கவில்லை. டொக்டரின் பார்வை அவளுடைய விரலில் சுற்றியிருந்த சீலைத் துண்டுக்குப் போனது.

"இந்தக் கையாலயா பிய்ச்சீங்க?"

"ஓம்."

"அவிழ்த்துக் காட்டுங்க."

அவிழ்த்தாள். மஞ்சள் பத்துக்கு அடியில் விரல் சீழ் வைத்து மினுமினுத்தது. அதுவரை அதை யாரும் வெளிச்சத்தில் பார்த்ததில்லை, அவளே சரியாகப் பார்த்ததில்லை.

"அப்படியெண்டா இதுவாத்தான் இருக்க வேணும்" என்றார் டொக்டர். "இந்தச் சீழ்ல இருக்கிற பக்டீரியா கோழிக்குப் போயிருக்கும். வெதுவெதுப்பா மூடி வெச்சிருந்திருக்கீங்க, இரவு முழுக்கப் பெருகியிருக்கும். டெஸ்ட் பண்ணாம நூறு வீதம் எண்டு நான் சொல்ல மாட்டன்."

"வாசம் நல்லாத்தான் இருந்திச்சு டொக்டர்."

"வாசத்தில தெரியாது. ருசியிலயும் தெரியாது."

"இப்ப கஞ்சி கொதிச்சிக்கொண்டிரிக்கி. இன்னும் நல்லாக் கொதிக்க விட்டா?"

டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். "கொதிச்சா பக்டீரியா சாகும். அது கக்கி வெச்ச நஞ்சு சாகாது. எவ்வளவு கொதிச்சாலும் அப்படியே இருக்கும்."

பளீலா கதிரையிலிருந்து எழும்பினாள். சுதர்சினியை மெலனியிடம் விட்டுவிட்டு த்ரீவீலில் ஏறினாள். வழியெல்லாம் மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடிகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவளுக்குள் ஒரு குரல் பேசத் தொடங்கியது. நூறு வீதம் இல்லை என்றுதானே டொக்டரே சொன்னார். பட்டினி வயிற்றில் திடீரென்று இறைச்சி விழுந்ததால் வந்த சத்தியாகக்கூட இருக்கலாமே. இந்தக் கஞ்சியைக் கொட்டினால் ஊர் என்ன சொல்லும்? பள்ளிச் சாப்பாட்டைப் பாழாக்கியவள் என்ற பேர் சாகும்வரை போகுமா? அந்தக் குரல் இனிமையாகத்தான் பேசியது. ஆனால் அது பேசப் பேச, பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடந்த சுதர்சினியின் முகம் முன்னால் வந்து வந்து நின்றது. அந்த முகத்தை முந்நூறால் பெருக்கிப் பார்க்கப் பளீலாவுக்குத் தைரியம் வரவில்லை.

ஜபார் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"கொட்டுறதா? நோன்பு மாசத்துல, பின்னேரம் அஸர் நேரத்துல, அல்லாஹ் தந்த ரிஸ்க்கு, இவ்வளவு சாப்பாட்டையும் மண்ணுல கொட்டுறதா? நீ என்ன கதை கதைக்கிற பளீலா? இஞ்ச பாரு, புகை பறக்கக் கொதிக்கிது. இதுக்குள்ள என்ன கிருமி உசிரோட நிக்கும்?"

"கிருமி செத்திரும். நஞ்சு சாகாதாம்."

"அக்ரமுக்கு என்ன சொல்லுற? முகத்தை எங்க கொண்டு போய் வைக்கிற?"

"முகம் போனாப் போகட்டுமே" என்றாள் பளீலா. குரல் உடைந்தது. "நாளைக்கு ஒரு பிள்ளைக்கு ஒண்டெண்டா, மறுமையில இந்த விரலை நான் அல்லாஹ்வுக்கு எப்பிடிக் காட்டுற? நீங்க மண்வெட்டியை எடுங்க."

கடைக்குப் பின்னால் தென்னைக்கும் வேலிக்கும் இடையில் ஜபார் குழி வெட்டினார். டொக்டர் சொன்னபடி கொஞ்சத்தைச் சுத்தமான போத்தலில் அடைத்து, பரிசோதனைக்கென்று தனியே எடுத்து வைத்தார்கள். மிச்சத்தையெல்லாம் குழிக்குள் சரித்தார்கள். நெய்யும் இஞ்சியும் கறுவாவும் மணக்க மணக்கப் போனது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த இருவரும் அந்த வாசத்தை மூச்சுக்குள் இழுத்தபடி நின்றார்கள். சுருட்டி அடுக்கிய ரோல்ஸைத் தட்டோடு கவிழ்த்தபோது பளீலாவால் அடக்க முடியவில்லை. "அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நாயும் காகமும் கிண்டாமலிருக்க மேலே குளோரின் தூவி, மண்ணை மூடி, ஜபார் மிதித்து இறுக்கினார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று சொல்லிக்கொண்டு.

பிறகு அக்ரமுக்குப் போன் எடுத்து, விரலில் இருந்து குழிவரை ஒன்றும் விடாமல் சொன்னாள். போனைக் காதில் வைத்தபடி பளீலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பளீலா" என்றார் அக்ரம். "நீ சொல்லாம அனுப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"ஓம்."

"அல்லாஹ் உனக்கு நல்லதைச் செய்யட்டும். பேரீச்சம்பழமும் தண்ணியும் பள்ளியில இரிக்கி. நோன்பு திறக்க அது போதும். நேரத்துக்குள்ள வெறுங் கஞ்சி ஏதும் காச்ச ஏலுமெண்டா காச்சி அனுப்பு. ஏலாட்டி விடு."

ஏலும் என்று சொல்லிவிட்டாள். ஆனால் எப்படி? அந்தக் கையோடு அவள் ஒன்றையும் தொடக் கூடாது. தொட்ட சட்டி, அகப்பை, மேசை எல்லாவற்றையும் கொதிநீர் விட்டுத் தேய்க்க வேண்டும். ஜபார் ஒருவர் எத்தனைக்கென்று நிற்பார்? யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தபடி வாசலுக்கு வந்தாள். பஸ்தியான் தன் மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்குப் போயிருந்த அவனுக்கு மெலனி எல்லாவற்றையும் போனில் சொல்லியிருந்தாள்.

தன் அசட்டையால் அவன் பெண்சாதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அவன் இரண்டு ஏச்சு ஏசினால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று பளீலா நின்றாள்.

"தம்பி, எண்ட பிழைதான். நீங்க என்னை..."

பஸ்தியான் கையைக் காட்டி நிறுத்தினான். "சத்தி நிண்டுட்டு அக்கா. நித்திரை கொள்ளுறாள். அவள் ஒராளோட போச்சு. அதை நினைச்சு நான் அன்னம்மாவுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டுதான் வாறன்." போட்டிருந்த சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டான். "எந்தச் சட்டியைத் தேய்க்கோணும்?"

முழங்கையளவு நுரை எழும்ப அவன் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பளீலா மனதுக்குள் அவன் பேரைச் சொல்லித் துஆக் கேட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குசினியில் நடந்த கூத்தை ஜபார் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். தன் சட்டியில் மற்றவர் கரண்டி வைத்தால் கையைத் தட்டிவிடும் பளீலா, கதவு நிலைக்கு வெளியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். உள்ளே ஜபாரும் பஸ்தியானும் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படியில் நின்றார்கள். ஒருவர் கடை முதலாளி, மற்றவர் கடல் முதலாளி. தாங்களாகச் சமைப்பதில் இருவருமே புதுமுகம்.

"அரிசியைக் கழுவித்தான் போட்டீங்களா? உள்ளியைத் தட்டுங்க. நசுக்காதீங்க, தட்டுங்க! இஞ்சா, அந்தப் பாலை இப்ப விடாதீங்க, திரைஞ்சிரும்! பஸ்தியான் தம்பி, அது துடுப்பு இல்ல, அகப்பை. மெல்லமாக் கிண்டுங்க!"

அரிசியும் பருப்பும் இஞ்சியும் வெந்தயமும் குழைந்து, கெட்டிப் பால் விட்டு இறக்கும் நேரம் வந்தது. பஸ்தியான் அகப்பையைத் தூக்கினான். "நான் உப்புப் பார்க்கட்டோ அக்கா?"

"வாயில வைக்காதீங்க!" என்று பளீலா போட்ட சத்தத்தில் அகப்பை சட்டிக்குள் விழுந்துவிட்டது. "ஒருத்தரும் ஒண்டையும் வாயில வைக்கக் கூடாது! இண்டைக்கு எனக்காக ஒராள் வாயில வெச்சது போதும்!"

இந்தக் கோழி இல்லாக் கஞ்சியில் நஞ்சும் இல்லை, கிருமியும் இல்லை என்று அவளுக்கே தெரியும். ஆனால் பயந்த மனதுக்கு யார் எடுத்துச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. கஞ்சியை அப்படியே வாளிகளில் ஊற்றி, மூடி, சுடச்சுட ஏற்றிக்கொண்டு ஜபார் பள்ளிக்குப் போனார். ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் அடைத்து வாங்கிக்கொண்டு பளீலா பஸ்தியானோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள்.

டொக்டர் அவளுடைய விரலைக் கீறிச் சீழை எடுத்து வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார். காலையில் சுகாதாரம் பார்க்கும் பீ.எச்.ஐ. ஐயா வந்து கடையைப் பார்ப்பார், விரல் ஆறும்வரை நீங்கள் குசினிப் பக்கம் போகக் கூடாது என்றார். வேறொரு நாளாக இருந்தால் பளீலா அவரிடம் எதிர்த்து வாதாடியிருப்பாள். இன்று எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றாள்.

வார்டில் சுதர்சினி கண் விழித்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. தூரத்தில் பாங்குச் சத்தம் கேட்டது. மெலனி நீட்டிய தண்ணீரையும் பேரீச்சம்பழத்தையும் வாங்கி, பிஸ்மி சொல்லிப் பளீலா நோன்பு திறந்தாள். மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நேரம் முந்நூறு பேரும் கோப்பையைத் தூக்கியிருப்பார்கள்.

போன் அடித்தது. அக்ரம்.

பளீலாவுக்கு எடுக்கப் பயம். பஸ்தியான்தான் பொத்தானை அழுத்தி அவள் காதில் வைத்துவிட்டான்.

"பளீலா, எல்லாருக்கும் காணும் மட்டும் இரிந்திச்சு. பிள்ளைகள் ரெண்டாந்தரமும் வாங்கிக் குடிச்சிச்சு" என்றார் அக்ரம். பிறகு கொஞ்சம் தயங்கினார். "வேற ஒண்டும் இல்ல... கஞ்சியில உப்புத்தான் ஒரு சொட்டும் இல்ல. பள்ளியில இரிந்த உப்புப் போத்தலை முதலாம் சஃப் வரிசையில இருந்து கடைசி வரிசை வரைக்கும் கைமாத்தினோம்."

உப்பு! ஜபார் போட்டிருப்பார் என்று பஸ்தியான் நினைத்தான். பஸ்தியான் போட்டான் என்று ஜபார் நினைத்தார். கதவு நிலையில் நின்று இஞ்சிக்கும் உள்ளிக்கும் கட்டளை போட்ட பளீலாவுக்கு உப்பென்ற ஒரு சாமான் உலகத்தில் இருப்பதே மறந்துபோனது. வாழ்நாளில் அவள் சமையலைப் பற்றிக் கேட்ட முதல் குறை அது. கேட்டதும் அவள் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, போனை மார்போடு அணைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள். அடுத்த கட்டிலில் இருந்த நோயாளி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள்.

"என்னவாம்?" என்று சுதர்சினி பதறினாள்.

"உப்பில்லையாம்."

"கொண்டாங்க பார்ப்பம்."

மெலனி போத்தல் மூடியில் ஒரு வாய்க் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். சுதர்சினி ஊதினாள். நக்கினாள். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். சேலைன் குழாய் கையில் தொங்கிக்கொண்டிருக்க, ஜட்ஜ் அம்மாவின் முகம் அப்படியே திரும்ப வந்திருந்தது.

"ஓம், ஒரு கல்லும் இல்ல" என்றாள். "ஒரு நாள் நான் இல்லாட்டி இதுதான் கதை. எனக்கெண்டாப் பரவாயில்ல, உப்புத்தண்ணி இந்தக் குழாயால வருது. பாவம் அந்த முந்நூறு பேர்."

பஸ்தியான் சிரித்துவிட்டான். பளீலாவால் சிரிக்க முடியவில்லை. கட்டுப் போட்ட விரலை ஒதுக்கிவிட்டு மற்றக் கையால் சுதர்சினியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முந்நூறு பேருக்கும் வர இருந்ததை நீ ஒராள் வாங்கிட்டாய் புள்ள. நீ வாங்காட்டி நான் என்ன ஆகியிருப்பன்? எண்ட உசிரு இருக்கிற வரைக்கும் மறக்க மாட்டன்."

"கால விடுங்க அக்கா, என்ன இது" என்று சுதர்சினி கூசிக்கொண்டு காலை இழுத்தாள். பிறகு புருஷனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அப்ப எண்ட நேர்த்தி? முறிஞ்சதுதானே?"

பளீலா கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ட கோயில் சட்டம் எனக்குத் தெரியாது. சாமியார்ட்ட கேளு. ஆனா நோன்பு முறிஞ்சா எங்கள்ல பதிலுக்கு இன்னொரு நாள் பிடிப்பம். நீ ஒண்ட தவக்காலம் முடிஞ்சு இன்னொரு வெள்ளிக்கிழமை பிடி. அண்டைக்கு நானும் ஒன்னோட பிடிக்கிறன். பிறகு ரெண்டு பேரும் தலவிலைக்குப் போவம். நான் வாசல்ல நிக்கிறன், நீ உள்ளுக்குப் போய் ஒண்ட அன்னம்மாட்ட எண்ட பேரையும் சொல்லு."

சுதர்சினி விரலை மடக்கி நாள் கணக்குப் பார்த்தாள்.

"அண்டைக்கு ரெண்டு பேரும் பட்டினி எண்டா, கடையில ஆரு உப்புப் பார்க்கிற?" என்றாள்.

"அண்டைக்குக் கடை பூட்டு" என்றாள் பளீலா.